பழைய டரட் பிரஸ்: பெயின்டுக்கு அடியில் பார்க்க வேண்டியவை

சுட்டு முடிந்த தோட்டாவில் உண்மையில் தீர்ந்துபோகும் பொருள்கள் மூன்றே: முன்னால் பறந்துபோன குண்டு, அதை உந்தித் தள்ளிய வெடிமருந்து, அந்த மருந்தைப் பற்றவைத்த பிரைமர் என்னும் சிறு உலோகக் கிண்ணம். நான்காவது உறுப்பாகிய பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சுகிறது. ஏறத்தாழ 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, மருந்து எரியும்போது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வரும் இயல்புடையது. விரிந்த கூட்டை மறுபடியும் பழைய அளவுக்கு இறுக்கி, புதிய பிரைமரைப் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, புதுக் குண்டை வாயில் அமர்த்தினால் அது மீண்டும் தோட்டாவாகிவிடும். அமெரிக்காவில் இலக்குச் சுடுதலிலும் வேட்டையிலும் ஈடுபடுவோர் பலர் இந்த மறுநிரப்பல் வேலையை வீட்டுப் பட்டறையில் தாங்களே செய்துகொள்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் செய்பவரிடம் அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பனைக்காகச் செய்பவருக்கே உரிமம் தேவைப்படுகிறது. இந்தியாவில் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றி ஆயுதமும் தோட்டாவும் தயாரிப்பதைத் தடைசெய்கிறது. ஆகவே இக்கட்டுரை பேசும் இயந்திரங்களும் அவற்றை வாங்குவோரும் அமெரிக்க மண்ணுக்கு உரியவர்கள்.

அந்த மண்ணில் இந்தப் பழக்கம் நூறாண்டுக்கும் மேல் வேர்விட்டது. 1884இல் ஜான் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் நிறுவனம், கொட்டை உடைக்கும் இடுக்கியைப் போன்ற கைக்கருவிகளை விற்றது. 1878இல் கனெக்டிகட் மாநிலத்தில் துப்பாக்கிக் குறிமுனைகளைச் செய்யத் தொடங்கியிருந்த லைமன் நிறுவனம் 1925இல் ஐடியலைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் மறுநிரப்பல் பெருந்திரளான மக்களின் பொழுதுபோக்காக விரிந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். அரசிடம் தேங்கிக் கிடந்த ராணுவ வெடிமருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கிச் சாதாரணச் சுடுநர்களுக்கு மலிவாக விற்றார்; 1949இல் ஜாய்ஸ் ஹார்னடி நெப்ராஸ்காவில் குண்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார்; கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில், சுட்டெறிந்த சிறிய .22 தோட்டாக் கூடுகளையே குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சுகளை வடித்த ஃபிரெட் ஹண்டிங்டன், ஆர்.சி.பி.எஸ். என்னும் பெயரில் மறுநிரப்பல் கருவிகளையும் செய்தார். மருந்தும் குண்டும் எளிதில் கிடைத்த அந்த 1950களிலும் 1960களிலும் வீட்டு மேசைகளில் ஏறிய இரும்பு இயந்திரங்களே இன்று பழம்பொருள் விற்பனைகளிலும், உரியவர் மறைந்தபின் வாரிசுகள் காலிசெய்யும் கொட்டகைகளிலும் மறுபடி வெளிச்சத்துக்கு வருகின்றன.

அவற்றுள் டரட் பிரஸ் என்பது தனி வகை. மறுநிரப்பலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டை, அதாவது உள்ளே துல்லியமாகக் குடைந்த எஃகு அச்சு, வேண்டும்: கூட்டை இறுக்கிப் பழைய பிரைமரைக் குத்தி வெளியேற்ற ஒன்று, வாயைச் சற்றே விரிக்க ஒன்று, குண்டை அமர்த்த ஒன்று. எளிய பிரஸ்ஸில் ஒரே ஒரு டை மட்டுமே நிற்கும் என்பதால், ஒரு வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்ததைத் திருகி, அதன் ஆழத்தையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். டரட் பிரஸ்ஸிலோ கனமான வட்டத் தலை ஒன்றில் நான்கு அல்லது ஆறு துளைகள் இருக்கும். டைகள் அனைத்தும் அவற்றில் ஒரேயடியாகத் திருகப்பட்டு, தலையைக் கையால் சுழற்றும்போது ஒவ்வொன்றாகக் கூட்டுக்கு நேர்மேலே வந்து நிற்கும். லேத் பட்டறைகளில் டரட் லேத்தின் சுழல்தலையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். ஒருமுறை சரிசெய்த டை பல மாதங்களுக்கு அசையாமல் இருப்பதும், ஒரு மணிநேரத்தில் நூறு தோட்டாக்களை அவசரமின்றி முடிக்க முடிவதும் இதன் ஆதாயங்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தாலே ஒரு தோட்டா முடிந்து விழும் வேக இயந்திரங்கள் பின்னர் வந்தபோதும், ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துச் செய்ய விரும்புவோர் டரட் பிரஸ்ஸை விட்டுவிடவில்லை.

ஆதாயம் தரும் அதே அமைப்பில்தான் அதன் பலவீனமும் இருக்கிறது. பழைய டரட் பிரஸ்ஸை மதிப்பிடுபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதையே. சுழல்தலை நடுவிலுள்ள ஒற்றைப் போல்ட்டில் தொங்குகிறது, ஆனால் விசை ஏறுவதோ நடுவில் அல்ல. உந்துதண்டு, அதாவது கூட்டைத் தாங்கி மேலேறும் எஃகு உருளை, தலையின் விளிம்பிலுள்ள ஒரு துளைக்குக் கீழிருந்து எழுகிறது. கைப்பிடியை இறக்கும்போது கீழுள்ள இணைப்புக் கம்பிகள் நேர்கோட்டுக்கு வரவர விசை பன்மடங்காகப் பெருகி, அந்த முழு விசையும் தலையின் ஒரு பக்கத்தை மட்டும் மேல்நோக்கித் தள்ளுகிறது. தராசின் ஒரு தட்டைத் தூக்கினால் மறுதட்டு தாழ்வதைப் போல, தலையின் முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் அமிழ முயல்கிறது. நல்ல இயந்திரத்தில் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவே. நடுப்போல்ட் தேய்ந்ததிலோ, தலை உட்காரும் பரப்பு அரைபட்டதிலோ அது வெளிப்படையாகவே தெரியும். பின்னாளைய வடிவமைப்புகள் சிலவற்றில் தலையின் பின்விளிம்புக்கு அடியில் தாங்கு ஒன்று வைக்கப்பட்டதற்குக் காரணமும் இதுவே.

இந்தச் சிறு சாய்வு ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதை, கழுத்து குறுகிய ரைஃபிள் தோட்டாவைக் கொண்டு விளக்கலாம். .30-06 போன்ற தோட்டாவில் கூட்டின் உடல் தோள்போல் சரிந்து குறுகிய கழுத்தாகிறது; அந்தத் தோள் அறையின் தோளில் போய் முட்டுவதே தோட்டா எவ்வளவு ஆழம் உட்காரும் என்பதை முடிவுசெய்கிறது. இறுக்கும் டை அந்தத் தோளைச் சரியான தூரம் பின்தள்ள வேண்டும். தலை எழும்பினால் தோள் போதிய அளவு பின்செல்லாமல் துப்பாக்கியின் அறையை அடைக்கும் போல்ட் மூட மறுக்கும். அதற்குப் பயந்து டையை அளவுக்கு மீறி இறக்கிவைத்தால் தோள் தேவைக்கு மேல் பின்னே போய், சுடும்போது கூடு முன்னும் பின்னும் இழுபட்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெலிந்து, சில சுடுதல்களில் இரண்டாகப் பிளக்கும். .30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 4,000 மடங்கு. அந்த அழுத்தத்தைச் சுடுநரின் முகத்துக்கு அருகே அடைத்து நிறுத்துவது அந்தப் பித்தளைக் கூடுதான். நேரான சுவர் கொண்ட .38 ஸ்பெஷல் போன்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கோ உச்சம் 17,000 பவுண்டு. விளிம்பைக் கொண்டு உட்காரும் அந்தக் கூட்டுக்குத் தலையின் சிறு சாய்வு பெரும்பாலும் பொருட்டே இல்லை. எனவே ஒரே பழைய பிரஸ் ரிவால்வர்காரருக்கு நல்ல கொள்முதலாகவும், நெடுந்தொலைவு ரைஃபிள்காரருக்கு ஓயாத தலைவலியாகவும் அமையக்கூடும். எந்தத் தோட்டாவுக்காக வாங்கப்படுகிறது என்று தெரியாமல் பழைய இயந்திரத்தை நல்லது, கெட்டது என்று சொல்வதில் பொருளில்லை.

சோதிப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பிரஸ்ஸை முதலில் அசையாத மேசையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மேசைப் பலகை வளைவதைப் பார்த்துவிட்டு இயந்திரம் வளைகிறது என்று எண்ணி நல்ல பிரஸ்ஸை ஒதுக்கியவர்கள் உண்டு. பிறகு உந்துதண்டை உச்சிக்கு ஏற்றி, இறுக்கும் டையைக் கீழிறக்கி, கூட்டைப் பிடிக்கும் தகட்டின் முகத்தை அது தொடும்படி வைத்து, இன்னும் சிறிது திருகிவிட்டுக் கைப்பிடியை அழுத்தினால், தலை எங்கே எழும்புகிறது, எவ்வளவு எழும்புகிறது என்பது தெரிந்துவிடும். தலைக்கும் சட்டத்துக்கும் இடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்க்கலாம். டயல் கேஜ் கையில் இருந்தால் அதன் முனையைத் தலையின் மேற்பரப்பில் ஊன்றி, வெறுமனேயும் விசையோடும் படித்து ஒப்பிடலாம். அதன் அளவுக்கோடு ஒவ்வொன்றும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர். இங்கே எழும்பும் அளவைவிட அதன் ஒழுங்கே முக்கியம். பத்து முறை அழுத்தியபோதும் தலை ஒரே அளவு எழும்பினால், டையைச் சற்று இறக்கிவைத்து அந்தத் தளர்வை முன்கூட்டியே உறிஞ்சிவிட முடியும். ஒருமுறை குறைவாகவும் மறுமுறை கூடுதலாகவும் எழும்பினால், எந்தத் திருகலாலும் அதைச் சரிக்கட்ட இயலாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது உந்துதண்டு தன் துளைக்குள் ஆடும் ஆட்டம். குத்தி வெளியேற்றப்படும் பழைய பிரைமரிலிருந்து உதிரும் சாம்பல் வெறும் கரியல்ல; அதில் உரசல் தரும் கடினத் துகள்கள் கலந்திருக்கும். கலவை எளிதில் தீப்பற்றுவதற்காகக் கண்ணாடித் தூளைச் சேர்த்த பிரைமர்களும் உண்டு. பல பழைய பிரஸ்களில் அந்தச் சாம்பல் நேரே உந்துதண்டின் மேல் கொட்டி எண்ணெயோடு குழைந்து, சாணைப் பசையைப் போல இரும்பை அரைத்திருக்கும். தண்டை உச்சிக்கு ஏற்றி விரல்களால் முன்னும் பின்னும் அசைத்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கைக்கே தெரியும். சிறு ஆட்டத்தால் கேடில்லை. கூடு டைக்குள் நுழையும்போது தானே மையத்துக்கு வந்துவிடும், சொல்லப்போனால் சற்று விட்டுக்கொடுக்கும் தண்டு மையம் தேடுவதற்கு உதவும் என்று கருதும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். கூட்டின் வாய் டையின் விளிம்பில் இடித்து நசுங்கும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் நிலைமை வேறு. அப்போது சட்டத்தைக் குடைந்து வெண்கலப் புஷ் போடுவதே வழி. அந்த லேத் வேலையின் கூலி பெரும்பாலும் பிரஸ்ஸின் விலையைத் தாண்டிவிடும்.

விரிசலைப் பொறுத்தவரை தயக்கத்துக்கு இடமில்லை. பெரும்பாலான பழைய டரட் பிரஸ்களின் சட்டம் வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்குவதில் உறுதியான அந்த உலோகம், இழுவிசையில் முன்னறிவிப்பின்றி உடையும். முன்பக்கம் திறந்த சட்டம் விசையின்போது வாயைப் பிளக்க முயல்வதால் உட்புற வளைவிலும், இணைப்புக் கம்பிகளின் பின்கள் புகும் காதுகளிலும், மேசையோடு பிணைக்கும் அடிப்பாதங்களிலும் விரிசல் தோன்றும். தடித்த புதுப் பெயின்ட் இவற்றை எளிதில் மூடிவிடும் என்பதால், அழகாகப் பூசப்பட்ட பழைய இயந்திரத்தைவிடத் துருவும் அழுக்குமாகக் கிடப்பதையே நம்பி வாங்கலாம்; மேற்துருவை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் நீக்கிவிடும், பூச்சுக்கு அடியிலுள்ள விரிசலை எதுவும் நீக்காது. வெண்கலம் கொண்டு ஒட்டிய சட்டங்களும் விற்பனைக்கு வருவதுண்டு. அவை மேசையில் பார்வைக்கு வைக்கத் தகுந்தவை, ரைஃபிள் கூடுகளை இறுக்கத் தகுந்தவை அல்ல.

உதிரிப் பாகங்களின் கதை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டைகளைப் பொறுத்தவரை வாங்குவோருக்கு நல்வாய்ப்பு உண்டு: 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் கொண்ட அளவு பொதுவழக்காக நிலைபெற்றுவிட்டதால், அந்த மரை வெட்டிய பழைய பிரஸ் எதிலும் இன்றைய கடையில் வாங்கும் டை பொருந்தும். விதிவிலக்குகளே வாங்குவோரை ஏமாற்றுகின்றன. லைமனின் சிறிய ட்ரூ-லைன் ஜூனியர், பழைய இடுக்கிக் கருவிக்குரிய 5/8 அங்குல, 30 மரை டைகளையே ஏற்கும். பார்வைக்கு மிக அழகான அந்தக் குட்டி இயந்திரம் ரிவால்வர் தோட்டாக்களுக்கும், கழுத்தை மட்டும் இறுக்கும் மென்மையான வேலைக்கும் உரியது. அதே நிறுவனத்தின் நான்கு துளை ஆல்-அமெரிக்கனும், பிறகு வந்த ஆறு துளை ஸ்பார்-டியும் பொதுவான டைகளை ஏற்பதால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றவை. கலிபோர்னியாவின் ஹாலிவுட் கன் ஷாப் செய்த மாபெரும் சீனியர் டரட், 1½ அங்குல மரை கொண்ட பெரிய டைகளுக்கும் இடமளிக்கும் அளவுக்குக் கனமானது; அதைத் தேடுவோரில் சேகரிப்பாளர்களும் மிகுதி என்பதால் அதன் விலை பயன்மதிப்பை மட்டும் பொறுத்ததாக இருப்பதில்லை.

டை பொருந்தினாலும் கூட்டைப் பிடிக்கும் தகடு பொருந்தாமல் போகலாம். கூட்டின் அடிவிளிம்பைக் கவ்வி நிற்கும் அந்தச் சிறு எஃகுத் துண்டு இன்று பொதுவடிவம் பெற்றுவிட்டது. ஆனால் மினசோட்டாவின் வசேகா நகரிலிருந்து தடித்த விலைப்பட்டியல்கள் மூலம் நாடெங்கும் விற்ற ஹெர்ட்டர்ஸ் நிறுவனத்தின் பழைய பிரஸ்கள் பல, தம் சொந்த வடிவத் தகட்டை மட்டுமே ஏற்கும். முரட்டு வார்ப்பும் குறைந்த விலையும் கண்டு அவற்றை வாங்கியவர், தகட்டுக்காக மாதக்கணக்கில் அலைய நேரும். தண்டின் தலையில் பொதுத் தகட்டைப் பொருத்தும் மாற்றி கூடவே வருகிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுவது நல்லது. மாறாக, பிரைமரை ஏந்தி உள்ளே அழுத்தும் சிறு கரம் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். 0.175 அங்குலச் சிறிய பிரைமருக்கும் 0.210 அங்குலப் பெரிய பிரைமருக்கும் தனித்தனிக் கிண்ணங்கள் கொண்ட அந்தக் கரம் அடிக்கடி காணாமல் போகும் பாகம். ஆனால் பிரைமர் பள்ளத்தின் அடியைத் தொட்டு உட்காருவதை விரலால் உணர உதவும் தனிக் கைக்கருவி, அதைவிடச் சிறப்பாகவே அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு துளையும் நேர் வரும்போது 'டக்' என்று தலையை நிறுத்தும் ஸ்பிரிங்கும் சிறு உருண்டையும்கூட எளிதில் மாற்றக்கூடியவையே.

அலுமினியச் சட்டம் கொண்ட லீ டரட் பிரஸ்களை இந்த வார்ப்பிரும்பு வரிசையோடு ஒப்பிட்டு இளக்காரமாகப் பேசுவோர் உண்டு; அது நியாயமன்று. விஸ்கான்சினின் ஹார்ட்ஃபோர்டில் உருவான அந்த அமைப்பில் துளைகள் கொண்ட வட்டத் தட்டு நடுப்போல்ட்டில் தொங்காமல், சுற்றிலும் உள்ள வளையத்தில் விளிம்பால் பிடிக்கப்படுகிறது. தட்டு சற்றே எழும்பும், ஆயினும் ஒரு பக்கமாகச் சாய்வது குறைவு. தட்டை அப்படியே உருவி எடுத்து, வேறு தோட்டாவுக்குரிய டைகள் பொருத்திய இன்னொரு தட்டைச் செருகிவிடலாம் என்பது பழைய வார்ப்பிரும்புப் பிரஸ்கள் பலவற்றில் இல்லாத வசதி. தட்டைத் தானாகச் சுழற்றும் முறுக்குக் கம்பியில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டு தேய்ந்துபோகும். அதன் விலை அற்பம்.

இயந்திரம் தேறினாலும், டரட் பிரஸ்ஸில் வேலை செய்வோர் எந்நேரமும் நினைவில் வைக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தலையைக் கையால் சுழற்றுவதால், மருந்தளக்கும் கருவி பொருத்திய துளைக்குக் கீழே ஒரே கூடு இருமுறை நின்றுவிடலாம். 1898இல் கரிமருந்துக் காலத்தின் விளிம்பில் பிறந்த .38 ஸ்பெஷலின் கூடு பருமனானது, இன்றைய புகையற்ற மருந்தோ அதன் அடியில் சிறிதளவே இடம்பிடிக்கும். ஆகவே இருமடங்கு மருந்தும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும், ரிவால்வர் சிதறுவதற்கு அதுவே போதுமானது. குண்டை அமர்த்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கொளியில் எட்டிப்பார்ப்பது இதனால்தான் கட்டாயமாகிறது. வாங்கும் பிரஸ்ஸின் மேல் விளக்குக்கு இடமிருக்கிறதா, சுழல்தலை கூட்டின் வாயை மறைக்கிறதா என்பதையும் அமர்ந்து பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். விற்பனை மேசையில் நின்றபடி பார்ப்பவருக்கு இது தோன்றுவதில்லை.

பழைய பிரஸ்ஸோடு பெட்டி நிறையப் பொருள்களைச் சேர்த்துக் கொடுப்பது அமெரிக்க விற்பனையாளர்களின் வழக்கம். டைகளையும் தகடுகளையும் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். பாதி தீர்ந்த மருந்து டப்பாக்களையும், அளக்கும் கருவியின் குப்பியில் எஞ்சியிருக்கும் பெயர் தெரியாத மருந்தையும் எந்த நிலையிலும் பயன்படுத்தலாகாது. நைட்ரோசெல்லுலோஸ் மருந்து முதுமையில் சிதைந்து அமில ஆவியை வெளியிடும், செம்பழுப்புப் புகையோ புளித்த வாடையோ தெரிந்தால் அது ஏற்கெனவே கெட்டுவிட்டது. 1960களின் அளவுப் பட்டியல்கள் வாசிப்பதற்குச் சுவையானவை. அவற்றை நம்பி இன்றைய மருந்தை அளப்பது தவறு. இயந்திரத்தின் மூலைகளில் படிந்துள்ள கருஞ்சாம்பலில் பிரைமரின் ஈயச் சேர்மங்கள் இருக்கும். அதைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கைகளைக் கழுவ வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சிறிதும் அலட்சியம் கூடாது.

சுத்தம் செய்து எண்ணெயிட்ட பிறகு மிஞ்சும் முதல் வேலை, துளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. நான்கோ ஆறோ, எல்லாத் துளைகளும் ஒரே அளவில் குடையப்பட்டவை என்றாலும் தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஒரேமாதிரி நேர்ந்திருக்காது. ஒரே டையை ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றித் திருகி, ஒரே துப்பாக்கியில் சுட்ட ஒரே வகைக் கூடுகளை இறுக்கி, தோளின் தூரத்தை அளந்து பார்த்தால், எந்தத் துளை மிகக் குறைவாகவும் மிக ஒழுங்காகவும் எழும்புகிறது என்பது தெரியும். அதிக விசை கேட்கும் இறுக்கும் டைக்கு அந்தத் துளையை ஒதுக்கி, குண்டை அமர்த்தும் எளிய வேலைக்கு மற்றொன்றை விட்டு, இறுக்கும் டைக்கு ஒதுக்கிய துளையின் அருகே சிறு புள்ளி ஒன்றைக் குத்திவைப்பது வழக்கம். துருவை நீக்கும்போது சில பழைய தலைகளில் அத்தகைய புள்ளி முன்பே இருப்பது தெரியவரும். அதை ஆணி முனை தவறிப் பட்ட வடு என்று எண்ணி அரம் போட்டு அழித்துவிடாமல், அளவு எடுப்பதை அந்தத் துளையிலிருந்தே தொடங்கலாம்.